செத்தவர் ரசம் ஊற்றிய காட்சி

பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் இருபத்தோரு வருஷம் நின்றவள் ஒச்சம்மாள். கல்யாணமான கையோடு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். ஒரு பனியனைக் கையில் கொடுத்தால் போதும். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாம் அவள் முன்னால் தாமாக வந்து ஆஜராகிவிடும். தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வீசிவிடுவாள். முதலாளியே வந்து கெஞ்சினாலும் பழுதான பீஸை பாஸ் பண்ண மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

அதனால்தான் நாச்சிமுத்து தன் சினிமாவைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். அதே கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவன். கையிலிருந்ததை எல்லாம் கொட்டி ஒரு சிறைச்சாலை த்ரில்லர் எடுத்திருந்தான். பெருமாநல்லூர் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு பனியன் கம்பெனிதான் சிறை. கைதிகளும் போலீசும் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த கம்பெனி ஆட்கள். சம்பளமா? ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம்தான்.

"வெள்ளிக்கிழமை யூடியூப்ல ஏத்தறேனுங்கக்கா. கோயமுத்தூர்ல இருந்து ஒரு தயாரிப்பாளர் பாக்கறேன்னு சொல்லியிருக்கறாருங்க. அதுக்கு முன்னால நீங்க ஒருக்கா செக்கிங் பண்ணிக் குடுத்துருங்க" என்றான்.

ஒச்சம்மாள் உடனே சரி என்றாள். சினிமா ஆசையா அவளுக்கு? அவள் புருஷன் மூக்கையா அதில் ஒரு கைதியாக நடித்திருந்தார். அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். படப்பிடிப்பு முடிந்த நாலாம் மாசம் இஸ்திரி மேசை முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. மகா கூச்சக்காரர், செல்போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் மூன்று போட்டோ இருந்தது. நடமாடுகிற மூக்கையா இந்தப் படத்தில் மட்டும்தான் மிச்சமிருந்தார்.

வேலை முடிந்ததும் செக்கிங் மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தான். அடடா, என்ன சிறை அது! கம்பியெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்த பிவிசி குழாய். ஃபேன் காற்றுக்கே ஆடின. வில்லனை அட்டைச் சுவரில் தள்ளினால் சுவரும் கூடவே போய்விட்டு வந்தது. கைதிச் சட்டையோ பனியன் துணி. வார்டன் ஒருவன் ஆவேசமாகப் பிடித்து இழுக்க, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து முழங்காலைத் தொட்டது. தூக்குமேடைக்குப் போகும் வழியில் 'பேக்கிங் செக்‌ஷன்' என்று போர்டு தொங்கியது.

ஒச்சம்மாளின் கை சும்மா இருக்குமா? முதல் தப்பைக் கண்டதும் பழக்க தோஷத்தில் லேப்டாப் திரையிலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். காட்சி மாறியது. அம்புக்குறி இப்போது கதாநாயகியின் மூக்கைக் காட்டியது.

"ஐயோ அக்கா, நிமிசத்தை நோட்டுல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க!"

எழுத ஆரம்பித்தாள். இருபதாம் நிமிஷம் மூக்கையா வந்தார். ஒரே ஒரு வசனம் பேசினார். கத்திக்குத்து வாங்கிச் செத்தார். குரல் அவருடையதில்லை. டப்பிங் பேச அவர் உயிரோடு இல்லாததால் வேறு யாரோ பேசியிருந்தார்கள். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இவ்வளவுதானா!

ஒரு மணி நேரம் கழித்துச் சிறைச் சாப்பாட்டுக் காட்சி. வாளியும் கரண்டியுமாக வந்து நின்றார் மூக்கையா! அன்றைக்கு ஆள் பற்றவில்லை என்று செத்தவரையே பரிமாற விட்டிருக்கிறான் நாச்சிமுத்து. ஒரு கைதியின் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, "கூச்சப்படாமச் சாப்பிடுப்பா, ரசம் இன்னும் இருக்கு" என்றார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. டப்பிங்கிலும் விட்டுப்போய், படப்பிடிப்பில் பதிவான சத்தம் அப்படியே கிடந்தது. அவருடைய சொந்தக் குரல்.

"இதுதானுங்க இருக்கறதுலயே பெரிய தப்பு. நீங்க எழுத வேண்டாமுங்கக்கா. நானே இந்தக் காட்சிய வெட்டிடறேன். இல்லீன்னா ஊரே சிரிக்குமுங்க" என்றான் நாச்சிமுத்து.

ஒச்சம்மாள் நோட்டை மூடினாள்.

"வேணாந் தம்பி. மத்ததெல்லாம் என்ன வேணா பண்ணிக்க. இது பாஸ்."

"நீங்களாங்கக்கா பாஸ் போடறீங்க?"

"ஆமா, நாந்தேன். அவுக பேச்சு இதுல மட்டுந்தேன் தம்பி இருக்கு. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும்."

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோயமுத்தூர் தயாரிப்பாளர் கண்முன்னே வந்துபோனார். அந்தக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். பாவம், அவனுக்கு இருந்ததும் அந்த ஒரு படம்தானே!

"இருக்கட்டுமுங்கக்கா. வெட்டலீங்க. அப்படியே உட்டுடறேன்" என்றான். ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயசில் சின்னவன் கை என்றுகூடப் பார்க்கவில்லை.

படம் வெளியானது. தயாரிப்பாளரிடமிருந்து போன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, கீழே வந்திருந்த கமெண்டுகளை வாசித்துக் காட்டச் சொன்னாள் மகள் சித்ராதேவியிடம்.

"கேவலமா எழுதியிருக்காகம்மா. வேணாம்."

"வாசிடி."

"'செத்துப்போன ஆளு எப்படிடா ரசம் ஊத்துறான்?' இதையேதான்மா நூத்துக்கணக்குல கேட்டிருக்காக."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே கண்ணும் நிறைந்தது.

"கேக்கட்டும்டி. கேட்ட அம்புட்டுப் பேரும் உங்கப்பாவப் பாத்திருக்காகல்ல! அவுகளும் நல்லாருக்கட்டும், அந்த நாச்சிமுத்துப் புள்ளையும் நல்லாருக்கட்டும்."