வந்தே சேராத கருத்துரை

"கண்காணிப்பாளர், கருத்துரைப் பிரிவு: அரசின் தலைமை வழக்கறிஞர் தம் அரசமைப்புக் கடமைகளை அச்சமும் சார்பும் இன்றி ஆற்றத் துணைநிற்பவர். நிதானமான சுபாவம், மேலதிகாரிகளோடு இணக்கம், தெளிவான கையெழுத்து ஆகியவை இன்றியமையாத தகுதிகள்."

பணி விதிகளில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்த நாற்காலியில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அம்மாளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். மேலதிகாரிகளோடு இணக்கம் எப்படி என்பதற்கு, பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை அவர் பெயர் விட்டுப்போனதே சாட்சி. கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக நாற்று நடுவதுபோல நட்டு வைப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கறார் அக்கா.

அவருடைய மேலதிகாரியான தலைமை வழக்கறிஞரின் பதவி விசித்திரமானது. அரசு கேட்க விரும்பாததை அரசுக்குச் சொல்வது அவர் கடமை. அரசு விரும்பும் வரைதான் அவருக்குப் பதவி. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிய பெரியவர்கள் சிரிக்காமல்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்ப வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தில் கர்ஜிக்கிற மனிதர், அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார்.

துறைகள் கேள்வி அனுப்பும். அவர் கருத்துரை எழுதுவார். அக்கா அதற்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவேட்டுக்கு ஒரே ஒரு விதிதான். கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறக்கூடாது. வழக்கறிஞர் மனம் மாறினால் மாறலாம், ஆனால் மாறிய மனத்துக்கு அடுத்த எண்.

அந்த வருஷம் சுகாதாரத் துறை ஒரு கேள்வி அனுப்பியது. வேலை நேரத்தைப் பற்றிப் புகார் எழுதிய நாற்பது தற்காலிக நர்சுகளை விசாரணையில்லாமல் நீக்கலாமா? தலைமை வழக்கறிஞர் இரண்டே பக்கத்தில் 'கூடாது' என்று எழுதினார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இந்த மனுஷனுக்குள்ள வக்கீல் இன்னும் உயிரோடதான் இருக்கார்" என்று வீட்டில்கூடச் சொன்னார். கருத்துரைக்கு எண் 212 விழுந்தது, அன்றே துறைக்கும் போனது.

நான்காம் நாள் தலைமை வழக்கறிஞரின் பி.ஏ. வந்து மேசை ஓரத்தில் சாய்ந்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் பேசுகிற மனிதர்.

"அக்கா, அந்த 212... துறையில கேள்வியத் தப்பாக் கேட்டுட்டாங்களாம். இப்ப சரியாக் கேட்டிருக்காங்க."

புதிய கேள்வியில் 'நீக்கலாமா' இல்லை. 'நிர்வாக அவசரம் கருதி ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விடலாமா' என்றிருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது வழக்கறிஞர்களின் ஒழுக்கம். எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பது துறைகளின் ஒழுக்கம். 'விடலாம்' என்று பதிலும் தயாராக வந்திருந்தது.

"சரி, 213-னு ஏத்திடறேன்."

"213 வேணாம்க்கா. நர்சுங்க கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் ஃபைல வாங்கிப் பார்ப்பார். ஒரே வாரத்துல ரெண்டு பதில் இருந்தா நல்லாவா இருக்கும்? பழசு மேல ஒரு வெள்ளச் சீட்டு ஒட்டி, அதே நம்பர்ல இத எழுதிடுங்க."

"சீட்டு ஒட்ட இது என்ன பஸ் ஸ்டாண்ட் சுவரா?"

"கோவப்படாதீங்க. பதவி உயர்வுக்கு உங்களப் பத்தின ரகசிய அறிக்கைய ஐயா இந்த வாரம்தான் எழுதறார். மூணாவது தடவையும் விட்டுப்போகணுமா, சொல்லுங்க."

அக்கா நேரே உள்ளே போனார்.

"ஐயா, நீங்க முதல்ல எழுதினது சரியா, தப்பா?"

"சரிதாம்மா."

"அப்ப ரெண்டாவது?"

"கேட்ட கேள்விக்கு அதுவும் சரிதான்."

"கேள்வி ரெண்டு ஐயா. நர்சுங்க அதே நாப்பது பேர்தானே?"

தலைமை வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஏதும் இல்லாததால் அதிக நேரம் பிடித்தது.

"அரசாங்கம் நெனச்சா இன்னிக்கு சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பலாம்மா. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. உன்னை அனுப்பணும்னா குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணைன்னு வருஷக்கணக்காகும்."

சட்டப்படி அது உண்மை. பெரிய நாற்காலிக்கு இல்லாத பாதுகாப்பைச் சின்ன நாற்காலிக்குக் கொடுத்திருந்தார்கள். பதவி உயர்வுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கணவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், முட்டி தேய்ந்தவர், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறுபவர். பதவி உயர்வு வந்தால் அரசுக் குடியிருப்பில் தரைத்தள வீடு கிடைக்கும்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல பசை தீந்துபோச்சா? ஒரு சீட்டு ஒட்டறதுக்கு இவ்வளவு யோசனையா?"

"உங்க ஸ்கூல்ல யாராவது வந்து பையனோட மார்க்க மாத்துங்கன்னா மாத்துவீங்களா?"

"மாட்டேன். ஆனா என் முட்டிக்காக நீ மாத்தலாமேன்னு பார்த்தேன்."

"நீங்க வேற! வெந்த புண்ல வேலப் பாய்ச்சாதீங்க."

"சரி விடு. அம்பத்தி நாலு படிதான். ஏறிக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் முட்டியைத் தடவாமலாவது இருந்திருக்கலாம். அன்று அக்கா பாத்திரங்களைக் கழுவிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டது.

மறுநாள் காலைத் தபாலில் சுகாதாரத் துறையின் கடிதம் வந்தது. கருத்துரை தங்களிடம் வரவே இல்லை என்று காட்டுவதற்காக யாரோ மெனக்கெட்டு எழுதியது. 'எங்களுக்கு வந்து சேராத தங்களின் 212ஆம் எண் கருத்துரை (இரண்டு பக்கங்கள்) இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே துணைச் செயலாளரின் கையெழுத்து, தேதியோடு.

அக்கா இரண்டு தடவை படித்தார். சிரிப்பு வந்தது, உடனே ஆத்திரம் வந்தது. "பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரிய வேணாமா இவங்களுக்கு! இவங்களை நம்பி ஒரு அரசாங்கம்!"

பி.ஏ. மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, அந்த லெட்டரக் குடுத்திடுங்க. டைப் பண்ணவன் சொதப்பிட்டான். வேற எழுதித் தர்றாங்களாம்."

"வேற வந்தா அதையும் வாங்கிக்கிறேன்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதப் பதினெட்டு வருஷமாப் பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

அந்த மாதக் கடைசியில் வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாற்பது நர்சுகளைத் துறை நீக்கவில்லை, நிரந்தரமாக்கவும் இல்லை. கோப்பு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்தும் அதையே சொன்னார்கள். தலைமை வழக்கறிஞர் தம் நூலகத் திறப்பு விழாவில் அரசமைப்புப் பதவிகளின் சுதந்திரம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது என்று கேள்வி. அக்கா போகவில்லை.

துறையின் கடிதம் வந்த அன்று காலை அவர் செய்தது இவ்வளவுதான்: அதில் வரவு முத்திரை குத்தி, நேரம் எழுதி, அதை 212ஆம் கருத்துரையோடு சேர்த்துத் தைத்தார், இரண்டாவது கருத்துரையை 213 என்று பதிவேட்டில் ஏற்றினார்.