அம்மாவின் நோயை மறைத்தேன்

நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு இருபது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். செல் பிரியும்போது மரபணுவில் நேரும் பழுதை உடம்பு எப்படிச் சரிசெய்துகொள்கிறது, சரியாகாத பழுதுகள் சேர்ந்தால் அந்தச் செல் எப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாகிறது என்பதையெல்லாம் புத்தகத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் வரைவேன்.

2011இல் இராஜாக்கமங்கலத்தில் இருந்த என் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா நாற்பத்திரண்டு வயதில் இதே நோயில்தான் இறந்தாள். அம்மாவின் தங்கையும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் நின்று குறிப்பெழுதிய நர்ஸ், என் மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டாருக்கு நெருங்கிய சொந்தம்.

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள்.

மகள் கல்யாணம் நடந்தது. ஒரு மார்பை எடுத்திருந்த அக்கா, பந்தியில் நின்று பரிமாறினாள்.

மூன்றாம் வருடம் அவளுக்குச் சினைப்பையில் புற்று வந்தது. திருவனந்தபுரத்தில் வேறொரு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் இருவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பழுதைச் சரிசெய்ய வேண்டிய மரபணு ஒன்றே அக்காவிடம் பழுதாகி இருந்தது. அம்மா வழியில் வந்தது. எனக்கு அது வரவில்லை. அதனால் என் வழியாக என் மகளுக்கும் வர வழியில்லை. அவளிடம் இல்லாத ஒன்றுக்காகத்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா சினைப்பையை அப்பவே எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில், "அக்கா, அண்ணைக்கு டாக்டர்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடு ஏட்டி. எனக்கும் வாய் இருந்துல்லா? உனக்க மவளுக்க கல்யாணம் முடங்கப்பிடாதுன்னு நானும் மிண்டாம இருந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வருடம் இறந்துபோனாள். அவள் மகளுக்குச் சோதித்தபோது அதே பழுது இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "சித்தி, அம்மைக்கு மொதல்ல வந்தப்ப டாக்டர் ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாரு மக்கா. நான்தான் யாருக்கும் இல்லைன்னு சொன்னேன்."

தாளை நாலாக மடித்தாள். "நீங்க டீச்சர்லா, சித்தி" என்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறாள். துணைக்கு வரட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். கணவருடன் போய்க்கொள்கிறேன் என்கிறாள்.