முகாமுக்குப் போகிறவர் சொல்லக் கூடாதது

என் சின்ன மாமாவிடமிருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கொலைகாரன் துரத்தினால் மாடிக்கு ஓடக் கூடாது. அதுவும் இன்றுவரை உதவவில்லை. பர்மாவில், மிங்கலாடோனில் நாங்கள் குடியிருந்தது மாடியே இல்லாத வீடு.

மாமா அம்மாவின் தம்பி. தாயில்லாமல் அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பார். வீட்டில் அம்மா, மாமா, நான், அவ்வளவுதான். மாமாவுக்கு லத்தாவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. இணையத்தை அறுத்துவிட்டார்கள். பொழுது போகாத சனமெல்லாம் மெமரி கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து, படம் ஏற்றிக் கொடு என்று கடையில் நின்றது. மிச்சம் மீதியை மாமா வீட்டுக்குக் கொண்டுவருவார். எனக்கு அப்போது பதினோரு வயது, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. ஞாயிறு மத்தியானங்களில் மின்சாரம் வந்தால் போதும், நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிடுவோம்.

மாமாவுக்குப் பிடித்தது ஒரே மாதிரிப் படம். கோடை விடுமுறைக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் காட்டுக்குள் ஒரு முகாமுக்குப் போவார்கள். ஏரி இருக்கும், மரக்குடில்கள் இருக்கும். வழியில் பெட்ரோல் கடைக் கிழவன் அங்கே போகாதீர்கள் என்பான், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பிறகு முகமூடிக்காரன் வருவான். கார் கிளம்பாது, தொலைபேசி செத்துப்போயிருக்கும். நம்ம ஊர்க் கதைதான் இது, ஏரிதான் வேறு என்பார் மாமா. முத்தம் கொடுப்பவர்கள் முதலில் சாவார்கள். அந்தக் கட்டம் வந்தால் என் கண்ணைப் பொத்துவார். கழுத்து அறுபடும்போது கையை எடுத்துவிடுவார். என்ன நியாயமோ. கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவாள்.

எல்லாவற்றையும்விட உறுதியான சட்டம் ஒன்று உண்டு. எவன் "இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறானோ, அவன் திரும்ப மாட்டான். நாங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவன் கிடையாது.

அம்மாவின் சட்டம் இதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் படியிறங்க முடியாது. "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறினால், தெருமுனை வரை போனவரையும் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒழுங்காகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். காலைச் சாப்பாட்டுக்கு மீன்சாற்றுச் சேமியா, மோஹிங்கா வாங்கப் பாத்திரத்தோடு போன என்னை ஒருநாள் அப்படிப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். நானும் மாமாவும் எங்களுக்குள் பாதிப் பேச்சைப் பர்மியத்தில்தான் பேசுவோம். இந்த ஒன்றை மட்டும் தமிழில் சொல்லியாக வேண்டும்.

மாமாவோடு கடையில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் இருந்தார். ஒரு காலை டீ வாங்கிவர எழுந்தவர், இதோ வந்துடுறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். தெருமுனையில் பட்டாளத்துக்காரர்கள் அவரை லாரியில் ஏற்றினார்கள். மறுநாள் அவருடைய அப்பாவை அழைத்து, உடலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மாமா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆளின் மேல் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் படம் ஏற்றிக் கொடுத்த மனிதர், போயும் போயும் அதையா சொல்வார்?

அதற்குப் பிறகு மாமா படம் கொண்டுவரவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். இரண்டு வாரம் கழித்து அம்மாவிடம், கிழக்கே எல்லைக் காட்டில் ஒரு முகாம் இருக்கிறது, துப்பாக்கி பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள், நாங்கள் நாலு பேர் கிளம்புகிறோம் என்றார். அம்மா உலையில் அரிசியைப் போட்டாள். கிளறினாள். யாராவது கேட்டால் த்வாண்டேயில் சட்டி பானைச் சூளைக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காடு, முகாம், நாலு இளவட்டங்கள். அங்கே என்ன நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மாமாவைப் பின்கட்டில் உட்காரவைத்துச் சட்டங்களை ஒப்பித்தேன். தனியாகப் பிரிந்து போகக் கூடாது. சத்தம் கேட்டால் என்னவென்று பார்க்கப் போகக் கூடாது. தண்ணீரில் இறங்கக் கூடாது. விழுந்தவன் செத்துவிட்டான் என்று நம்பி முதுகைக் காட்டக் கூடாது. மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு மாமா. கிளம்பும்போது வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னவங்க யாரும் வந்ததில்ல."

மாமா என்னையே பார்த்தார். "சரி பாப்பா. சத்தியமா சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போகிற ஆளாகத்தான் புறப்பட்டார். லுங்கி, தோள்பை, கையில் சோற்று அடுக்கு. எதிர்வீட்டுக்காரர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யார் வருகிறார், யார் போகிறார் என்று மேலே எழுதிக் கொடுக்கிறவர் அவர். அம்மா உள்ளேயே வைத்து மாமாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வெளியே தெரியாதபடி உடனே துடைத்துவிட்டாள்.

"போறேன்க்கா" என்றார் மாமா.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "வாரேன்னு சொல்லுடா."

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவுக்குத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் சட்டென்று குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். பொங்கலுக்குக்கூட அதைச் செய்கிற ஆள் இல்லை அவர். தொட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். அம்மா செருப்பில்லாமல் வாசல்வரை ஓடினாள். திரும்பக் கூப்பிடத் தொண்டை வரை வந்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் வாய் கொப்பளித்துவிட்டு, என்ன, தம்பி சோற்றை மறந்துவிட்டானா என்று பர்மியத்தில் கேட்டார். இல்லை, எடுத்துக்கொண்டுதான் போகிறான் என்று அம்மா சிரித்தபடி சொன்னாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன்.

முதல் மாதம் வேறு யாருடைய எண்ணிலிருந்தோ இரண்டு செய்தி வந்தது. சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று. பிறகு ஒன்றுமில்லை. இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்ல ஓர் ஆள்கூட வரவில்லை. ஐந்து மழைக்காலம் போய்விட்டது. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அம்மா ஒரே பேச்சைத்தான் பேசுவாள்: "அவனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. அதான் வாரேன்னு சொல்லாமலே போனான்." அப்படிச் சொல்லிச் சொல்லி அவள் காத்திருப்பதையே விட்டுவிட்டாள். மாமாவின் தட்டைக் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அது இல்லைம்மா, நான்தான் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினேன் என்று பலமுறை வாயைத் திறந்திருக்கிறேன். சொன்னால் தட்டு மறுபடி கீழே வரும், அம்மா மறுபடி வாசலைப் பார்க்கத் தொடங்குவாள். அந்தப் பயத்தில் மூடிக்கொள்வேன்.

பதினோரு வயதில் எனக்குப் புரியாதது வேறு. இருபத்திரண்டு வயது மனிதர் எந்தப் பிள்ளையின் சினிமாச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டுத் தன் அக்காவை அப்படி நிற்கவைத்துவிட்டுப் போக மாட்டார். வளர்த்தவளிடம் வாரேன் என்று ஒரு பொய் சொல்லாமல் கிளம்ப அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான்தான் கொடுத்தேன்.

இப்போது நான் தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். தினமும் காலையில் போயிட்டு வாரேம்மா என்று சத்தமாகச் சொல்வேன். அம்மாவோ, நான் சொல்கிறேனா என்று என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.