மரகதம் அத்தையின் சிவப்பு லைட்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக எங்கள் அப்பாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. தொப்பூர் இறக்கத்தில் மரகதம் அத்தையின் கார் நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வந்த லாரி மோதிவிட்டதாம். அத்தை அங்கேயே இறந்துவிட்டார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

மரகதம் அத்தை எனக்கு உறவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிப் பள்ளிக்குத் தம் பழைய டீசல் காரில் எங்களை அழைத்துப் போனவர். ஏறும் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அத்தைதான். முதல் நாள் நான் அழுதபோது முன்சீட்டில் உட்காரவைத்து, "ஹாரன் அடிக்கற வேல உன்னோடது கண்ணு. அழுதுகிட்டே அடிச்சாலும் பரவால்ல" என்றார்.

தினமும் வண்டி எடுக்கும் முன் ஆயில் கம்பியை உருவித் துடைத்து அளவு பார்ப்பார். சாவி போட்டதும் எரியும் சிவப்பு ஆயில் லைட், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று பார்த்த பிறகே கியர் போடுவார்.

"ஏங்கத்தை அந்த லைட்டையே மொறைக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு கூட எங்கிட்டப் பொய் சொல்லுவாரு. இது சொல்லாது கண்ணு."

வண்டியே சிரித்தது.

போன மாதம், எஞ்சின் சூடான பின் வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் அந்த லைட் மினுக்கத் தொடங்கியது. ஆயில் குறையவில்லை. அத்தை அப்பாவின் மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அப்பா லைட்டுக்கான சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது முள் நன்றாக ஏறியது. சூடானதும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பேரிங் தேஞ்சு ஆயில் அழுத்தம் நிக்கல. எஞ்சினப் பிரிக்கணும்" என்று அப்பா முணுமுணுத்தார். பேரிங் வர நாளாகும். அத்தைக்கோ மறுநாளே வண்டி வேண்டும். அப்பா ஆயில் லைட்டின் வயரைப் பேட்டரி சார்ஜ் லைட்டின் வயரோடு சேர்த்துக் கட்டினார். இனி ஆயில் அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எஞ்சின் ஓடினால் லைட் அணைந்துவிடும்.

"பேரிங் வந்ததும் சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் அக்கா பயப்படாம ஓட்டட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார். அத்தையிடம், "சுவிட்சுதாங்கக்கா கெட்டுப்போச்சு, மாத்திட்டேன்" என்றார்.

அத்தை சாவி போட்டார். எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். அணைந்தது. "உங்கப்பன் கைராசிக்காரன் கண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் சிரித்தேன். அதன்பின் ஒவ்வொரு காலையும் அவர் அந்த லைட்டைப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் பார்த்து முடித்த காரை இன்று அத்தை வீட்டுக்கு எதிரில் கொண்டுவந்து போட்டார்கள். "பொம்பள ஓட்டுனா இப்படித்தான். ஆயில் ஏறாம எஞ்சின் இறுகி நின்னுருக்கு. லைட்டு எரிஞ்சிருக்கும், கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றார் துக்கத்துக்கு வந்த ஒருவர். அத்தையின் கணவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ மேல தப்பான்னு மட்டும் காலையில எஞ்சினப் பாத்துச் சொல்லு தம்பி." அப்பா தலையாட்டினார்.

அப்பா எஞ்சினைப் பார்ப்பதற்குள் நான் போய் அத்தையின் கணவரிடம் வயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவை என்ன செய்வார்களோ, தெரியவில்லை. சொல்லாவிட்டால் கவனிக்காமல் ஓட்டியவர் என்ற பேர் அத்தைக்கு நின்றுவிடும். அத்தை, நீங்கள் கவனித்தீர்கள். ஒரு நாளும் தவறாமல் கவனித்தீர்கள். போய் வாருங்கள். நான் காலையில்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"பாப்பா, முழிச்சிருக்கியா? டார்ச்சும் பிளையரும் எடு. அக்கா வண்டி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."