அலமாரி மேலிருந்த கேரியர்

எங்கள் வீட்டுச் சம்பல் பைதான் ஆமையின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ரொட்டி சானாய் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவக்கூடப் போகாமல் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பருப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை, மிளகாய்ச் சம்பலுக்கு ஒரு குட்டிப் பை, மீன் குழம்புக்கு ஒன்று, அப்பா குடிக்கும் தே தாரேக் டீக்கு ஒன்று, இவை எல்லாவற்றையும் தூக்கி வர இன்னொரு பெரிய பை. மூன்று பேர் தின்று முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வாரம்தான் பள்ளியில் டீச்சர், செத்துப்போன ஆமையின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கின் படத்தைக் காட்டியிருந்தார். எங்கள் சாக்கடை ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்குப் போகிறது, கடலில் ஆமை இருக்கிறது. பத்து வயதில் இதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

பைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் தரையில் பரப்பினேன்.

"என்னாடி இது, கடை போடப் போறியா?" என்றார் அம்மா.

"இனிமே நம்ம வீட்டுக்கு பிளாஸ்டிக் வரக்கூடாதும்மா."

"சரி. மொதல்ல அந்தத் தரையத் தொடச்சிடு."

அப்போது நாங்கள் செங் என்ற ஊரில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். என் சீர்திருத்தங்கள் முதலில் அவர் தலையில்தான் விழுந்தன. பகலில் அவர் தூங்கும்போது மின்சாரம் வீணாகிறதே என்று விசிறியை அணைத்தேன். "ஆமைக்கு வேர்க்காதும்மா, எனக்கு வேர்க்கும்" என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து போட்டுக்கொண்டார். பழைய தாள்களின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக் கொண்டுபோய் டீச்சரிடம் திட்டு வாங்கினேன். பென்சிலை இரண்டு விரலில் பிடிக்க முடியாத அளவு தேயும்வரை விடவில்லை. எதற்கும் யாரும் பாராட்டவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது, ஆனால் வேகம் குறையவில்லை.

உண்மையான களம் நானாவின் கடைதான். தாமான் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடை அது. அவர் தமிழ் முஸ்லிம். எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவர்களை நானா என்போம். அப்பாவுக்கு நானா, எனக்கு மாமா. உள்ளே சமைப்பது அவர் மனைவி. அவர் எல்லாருக்கும் லாத்தா, அதாவது அக்கா. மதியம் எதிர்ப்பக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள். எல்லா இனத்து ஆட்களும் வருவார்கள், அதில் பாதிப்பேர் மலாய்க்காரர்கள், அவர்களும் முஸ்லிம்கள்தான். மீன் தலைக் குழம்புக்கு அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை.

முதல் நாள் ஒரு பீங்கான் குவளையோடு போய் நின்று, தே தாரேக்கை இதில் ஊற்றுங்கள் என்றேன். அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊற்றினார். அடுத்த நாள் தட்டோடு போனேன். அதற்கடுத்த நாள் அவர் கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க, சுற்றுச்சூழல் அமைச்சரே! இன்னைக்கு என்னா சட்டி?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணன், "அப்போ நான் இந்த ஸ்ட்ராவக் கழுவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா பாப்பா?" என்றார்.

"ஆமாண்ணே."

"பொண்டாட்டி அடிப்பா லா."

உள்ளேயிருந்து லாத்தா, "புள்ளையக் கிண்டல் பண்ணாதீங்க" என்றார். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அமைச்சர் என்றது எனக்குச் சரியாகவே பட்டது.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊரே பிளாஸ்டிக்ல வாங்குது, நீ மட்டும் சட்டியத் தூக்கிட்டுத் திரி. வீட்ல அடுப்பு எரியலன்னு நெனைக்கப் போறாங்க." ஆனாலும் தடுக்கவில்லை. சமையலறையில் இருந்த அடுக்குக் கேரியரை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். அதன்பிறகு குழம்பும் கேரியரில் வந்தது.

வீட்டில் இன்னொரு கேரியரும் இருந்தது. அது அலமாரி மேல், பழைய நாளிதழில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். ரெம்பியாவிலிருந்து பெரியப்பா வரும்போது மட்டும் கீழே இறங்கும். பெரியப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுப்பன்றிகளை யாராவது சுட்டால் அவருக்கும் ஒரு பங்கு வரும். பெரியம்மா மிளகு தூக்கலாக வறுத்துக் கொடுத்தனுப்புவார். வந்ததை எங்கள் வீட்டில் அந்தக் கேரியரில்தான் மாற்றி வைப்போம். பின்பக்கம் நாளிதழ் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். பிறகு கேரியர் வெளியிலேயே கழுவப்பட்டு மேலே போய்விடும். ஏன் மேலே போகிறது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சில விஷயங்கள் உண்டு. அந்த 'எல்லாருக்கும்' என்பதில் நான் சேர்த்தி இல்லை என்பது எனக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை சமையலறைக் கேரியரை அப்பா தொழிற்சாலையில் மறந்துவிட்டு வந்திருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நல்ல பாத்திரம் ஒன்று யாருக்கும் பயன்படாமல் மேலே கிடக்கிறதே என்று நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். சும்மா கிடக்கும் பொருளைப் பயன்படுத்துவதும் என் கொள்கைகளில் ஒன்று.

கடையில் அப்போதுதான் மீன் தலைக் குழம்பு இறங்கியிருந்தது. குளிப்பாட்டும் தொட்டி மாதிரி பெரிய சட்டி. மதியக் கூட்டம் இன்னும் சேரவில்லை. நானா ஒரு கரண்டி ஊற்றி, சொட்டு விழாமல் கரண்டியைக் கேரியர் விளிம்பில் தட்டி, திரும்பவும் சட்டிக்குள் விட்டு ஒரு மீன் துண்டைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"இது புதுசா இருக்கே. கழுவினதுதானே?"

"நல்லாக் கழுவினது மாமா. போன வாரம் பெரியப்பா காட்டுப்பன்னி வறுவல் கொண்டாந்தாங்க, அந்த வாடைகூட இல்ல. மோந்து பாருங்க."

இரண்டாவது அடுக்கை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

அவர் மோந்து பார்க்கவில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து குழம்பு மேடையில் சொட்டிக்கொண்டிருந்தது. லாத்தா உள்வாசலுக்கு வந்து நின்றார். நானாவின் கண் கலங்கியதுபோல் இருந்தது. மிளகாய் நெடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இத யாரும்மா குடுத்துவுட்டது?" குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"யாரும் இல்ல, நானே எடுத்தேன். அம்மாவுக்கே தெரியாது."

அவர் கேரியரைத் தொடாமல், மூடியை மட்டும் கண்ணால் காட்டினார். "மூடிக்க. காசு வேணாம். அப்பாவ உடனே வரச் சொல்லு. ஓடாத, ரோட்டப் பாத்துப் போ."

வாசலுக்கு வரும்போது ஒரு ஆள் உள்ளே நுழைந்தார். "நானா, மீன் தலை ரெண்டு, புங்குஸ்." பொட்டலம் கட்டச் சொல்கிறார்.

"கேஸ் முடிஞ்சிருச்சு தம்பி. இன்னைக்குக் கடை இல்ல."

"சட்டி நெறைய இருக்கே நானா?"

"இல்லன்னா இல்ல லா. நாளைக்கு வாங்க."

நானா யாரிடமும் அப்படி வெடுக்கென்று பேசி நான் கேட்டதில்லை. பின்னால் இரும்புக் கதவு பாதி இறங்கும் சத்தம் கேட்டது. சமையல் எரிவாயுவை நம்பினால் இதுதான் கதி, சூரிய அடுப்பைப் பற்றி மாமாவிடம் ஒருநாள் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"மாமா காசே வாங்கலம்மா" என்று கேரியரை மேசையில் வைத்தேன். அம்மா ஈரக் கையோடு வந்தவர் அதைப் பார்த்தார்.

"இதுலயா வாங்கின?"

"ஆமா."

"இதுலயா? இது என்னான்னு சொன்னியா அவங்ககிட்ட?"

"சொன்னேனே. வாடையே இல்லன்னு சொன்னேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா எழுப்பப்பட்டார். அவர்கள் பேசியதில் பாதிதான் எனக்குக் கேட்டது. "தீபாவளிக்கு நம்ம வீட்ல கை நனைக்கிற ஆளுங்க. இனி எந்த மூஞ்சிய வெச்சிட்டுக் கூப்பிடறது?" என்றார் அம்மா. "அத வுடு. இது வெளிய தெரிஞ்சா அவரு கடை என்னாகும், அதச் சொல்லு" என்றார் அப்பா. என்னை அறைக்குள் போகச் சொன்னார்கள். யாரும் அடிக்கவில்லை. அதனால் இது என்னைப் பற்றிய பேச்சு அல்ல என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனார், உடனே திரும்பி வந்தார். மண்வெட்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தாமானுக்குப் பின்னால் இருந்த மேட்டுப்பக்கம் போனார். வாளி நிறையச் செம்மண்ணோடு திரும்பி மறுபடி கடைக்குப் போனார். சாயங்காலம் வரும்போது முழங்கை வரை சேறு. ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கடைக்குப் பின்னால் மரம் நடுகிறார்கள்! ஒருவழியாக என் பேச்சு எடுபட்டிருக்கிறது.

நடந்தது என்ன என்று அம்மா சொன்னது, நான் ஆயர் குரோவுக்குப் படிக்கப் போனபோதுதான். விடுதியில் என் அறைத்தோழி ஒரு மலாய்ப் பெண் என்று சொன்னேன். பெட்டியில் நான் வைத்திருந்த வீட்டுப் பாத்திரங்களை அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "புதுசா வாங்கிக்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, துணி மடித்துக்கொண்டே சொல்லி முடித்தார். பன்றி இருந்த கேரியரில் தட்டிய கரண்டி திரும்பவும் உள்ளே போனதால், மீன் தலை மிதந்த அந்தச் சட்டி முழுவதையும் கொட்டியிருக்கிறார்கள். சட்டி, கரண்டி, மேடை எல்லாவற்றையும் அவர்கள் முறைப்படி மண் கரைத்த தண்ணீரில் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறார்கள். அப்பா மண் கரைத்துக் கொடுத்தாராம். "மன்னிச்சுக்குங்க நானா" என்று அவர் ஆரம்பித்ததும், "அந்த வாளிய இப்படித் தள்ளுங்க" என்று நானா பேச்சை மாற்றிவிட்டாராம். கடையில் இருந்தவர்களில் ஒருவர் காதில் விழுந்திருந்தாலும் கடையின் பேர் அன்றோடு போயிருக்கும். விழவில்லை. கேஸ் தீர்ந்ததாகத்தான் எல்லாரும் நம்பினார்கள், என்னையும் சேர்த்து.

இப்போது நான் படிப்பதே இந்தத் துறைதான். உணவு வீணாவதால் என்னென்ன கேடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். எந்தக் கணக்கில் போட்டாலும், அந்த வருஷம் முழுக்க நான் மிச்சம் பிடித்த பைகளைவிட அந்த ஒரு சட்டி பெரிது.

அடுத்த சில நாட்கள் என்னைக் கடைக்கு அனுப்பவில்லை. பிறகு நானாவே அப்பாவிடம், "அமைச்சர் எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அரை மனதோடு அனுப்பினார். "கைய வீசிட்டுப் போ. பிளாஸ்டிக்ல வாங்கிட்டு வா. வாயத் தொறக்காத."

வாயை மூடிக்கொண்டு போகும் அளவுக்கு எனக்கு அன்று பொறுமை இல்லை.

"மாமா, அன்னைக்கு அப்பா மண்ணு கொண்டாந்தாங்களே, என்னா நட்டீங்க?"

நானா திரும்பி லாத்தாவைப் பார்த்தார். லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னும் ஒண்ணும் மொளைக்கலம்மா" என்றார் நானா.

"ஒரம் போட்டீங்களா?"

"தண்ணி நெறைய ஊத்துனோம்."

பிறகு மேடைக்கு அடியிலிருந்து ஒரு கேரியரை எடுத்தார். புத்தம் புதிது, ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அதில் குழம்பை ஊற்றினார். "இது கடையோடது. ஒனக்குன்னே வாங்குனேன். இதுல நம்ம கடைச் சாப்பாடு மட்டுந்தான், வேற எதுவும் கூடாது. சரியா?"

"சரி மாமா."

"கழுவாமலே கொண்டா. நாங்க இங்க கழுவிக்கிறோம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சேவைக்குக் கிடைத்த பரிசு அது என்பதில் சந்தேகமே இல்லை. அதைவிட, கழுவாமல் கொண்டுவரச் சொன்னாரே, அதுதான் என்னை அசத்தியது. நான் பிளாஸ்டிக்கோடு நின்றுகொண்டிருக்க, மாமா தண்ணீரை மிச்சம் பிடிப்பது வரை போய்விட்டார்!

வீட்டில் அம்மாவிடம் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா குழம்பை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டு, கேரியரைத் தனியாக எடுத்துக்கொண்டு போனார். புதுப் பஞ்சு எடுத்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், அலசினார், மறுபடி தேய்த்தார். விளிம்பு, பிடி, மூடியின் உள்பக்கம் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, மாமா கழுவ வேணாம்னாரு."

"அவரு சொல்லுவாரு" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் வேலை ஒருவழியாக முடிந்தது, நாளையிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.