பங்களாக் கூரையின் பஞ்சு

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய துரை பங்களாவை ஓட்டலாக்கி ஆறு வருஷமாகிறது. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டுமென்று, கூரைத் தகரத்துக்கு அடியில் கொழும்பிலிருந்து ஆள் கொண்டுவந்து ஃபோம் அடித்திருந்தார்கள். பீய்ச்சினால் நுரையாகப் பொங்கி, அப்படியே இறுகி ஒட்டிக்கொள்ளும் சாமான். இப்போது அறைகளில் நாற்றம் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதைக் கழற்ற ஆள் தேடினால், கட்டார் நாட்டில் நாலு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்த கந்தப்பனை விட்டால் தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

கழற்றுமுன் என்ன ரகமென்று பார்க்க வேண்டும். கல் ஃபோம், பஞ்சு ஃபோம் என்று கட்டாரில் தமிழ் ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அசையாமல் நிற்பது கல். அமுங்கிவிட்டு மெதுவாக எழும்பி வருவது பஞ்சு. சந்தேகமென்றால் ஒரு துண்டை அறுத்து வாளித் தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பிழிந்தால் போதும். கல் ஒரு சொட்டும் குடிக்காது, பஞ்சு கிடைத்ததையெல்லாம் குடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும். கல்லை ரம்பம் போட்டு அறுத்தால் பலகை பலகையாக வரும். பஞ்சைக் கையாலேயே பிய்த்துவிடலாம். இதை நாலு மூலையிலும் பார்க்க வேண்டுமென்பது கந்தப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கூரைக்குள் ஏறுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் கல்லுதான்” என்று இறங்கிவிட்டான்.

அந்த ஒரு சொல் போதாதா? பங்களாவில் கழிகிற எதுவும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்வதுதான் தோட்டத்து வழக்கம். கிழிந்த திரைச்சீலை, கைப்பிடி போன சட்டி, கால் உடைந்த கதிரை, எதையும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். கல் ஃபோம் என்றதும் நல்ல பலகை வரப்போகிறது, ஒழுகுகிற தகரத்துக்கு அடியில் கட்டினால் குளிர் நிற்கும் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. முதல் நாள் அறுத்த எட்டுப் பலகையைக் கந்தப்பன் தன் மகள் வினோதாவின் ஒற்றையறைக் காம்பராவில் கம்பி போட்டுக் கட்டினான். அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அதை யாரும் குறை சொல்லவில்லை, அடுத்தது தங்களுக்கு வரும் என்றுதான் இருந்தார்கள்.

மறுநாள் பங்களாக் கூரைக்குள் தவழ்ந்து போனவனின் கை முழங்கை வரை பொதபொதவென்று புதைந்தது. பஞ்சு. அத்தனையும் பஞ்சு! பார்க்க வருகிற எஞ்சினியரின் கை எட்டும் தூரத்துக்குக் கல்லை அடித்துவிட்டு, எட்டாத இடத்திலெல்லாம் மலிவுச் சாமானைப் பொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள் அந்தத் திருட்டுப் பயல்கள். ஆறு வருஷத்து மழையும் எலி மூத்திரமும் ஊறி அது கறுத்துக் கிடந்தது. பிய்த்த இடத்தில் ரோமமில்லாத எலிக்குஞ்சுகள் நெளிந்தன. மணிக்கட்டில் வழிந்த தண்ணீர் பிசுபிசுத்தது. கந்தப்பனை ஏமாற்ற வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை, அவன் சோம்பலே ஏமாற்றிவிட்டது. அந்த எண்ணம் நாற்றத்தைவிடக் கேவலமாக இருந்தது.

ஓட்டல் மனேஜர் நிரோஷன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கீழே நின்றார்.

“லொறி பிடிச்சு இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? வெயில்ல காயப்போட்டு லயத்துக்குக் குடுத்துவிடுங்க. அவங்கதானே கேட்டாங்க?”

“சார், இது மனுசன் தலைக்கு மேல வைக்கிற சாமான் இல்லீங்க.”

“நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க?”

கந்தப்பன் பிய்த்ததையெல்லாம் பின்கட்டில் கொண்டுபோய்க் குவித்தான்.

அங்கே சாக்கோடு லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். முன்னால் நின்றவள் வினோதாவுக்கு அடுத்த காம்பரா லெட்சுமி. அவள் மகனுக்கு இழுப்பு, பனிக் காலத்தில் மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வான். கந்தப்பன் ஒரு கட்டியை எடுத்து அவர்கள் கண்முன்னே பிழிந்தான். கறுப்பாக வடிந்தது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லெட்சுமி மட்டும் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “காய வச்சா நாத்தம் போயிருமில்லண்ணே?”

“போவாது புள்ள. அந்தப் பயலுக்கு இழுப்பு இன்னும் கூடிரும்.”

“பங்களாக்காரவுங்க இதுக்குக் கீழதானே படுத்தாங்க?” என்றபடி அவள் சாக்கை விரித்தாள்.

சீ என்று இருந்தது கந்தப்பனுக்கு. அவள் மேல் அல்ல. எதைக் கொடுத்தாலும் சாக்கை விரிக்கப் பழக்கிவைத்த இந்தப் பிழைப்பின் மேல். மோட்டார் கொட்டகையில் இருந்த கழிவு ஒயில் பீப்பாயை உருட்டிவந்து குவியல் முழுக்கக் கவிழ்த்தான். இனி ஒரு துண்டுகூட எவருக்கும் ஆகாது. மனேஜர் சிங்களத்தில் வைதார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

பெண்கள் வெறும் சாக்கோடு திரும்பினார்கள். லெட்சுமி மட்டும் நின்று, அவன் காலடியில் துப்பினாள். “ஒங்க மக வூட்டுக்கு மட்டும் நல்லதாப் பாத்து எடுத்துக்கிட்டீங்க. நல்லா இருங்க.”

அவன் நேரே மகளின் காம்பராவுக்குப் போனான். சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கை நாறியது. பலகைகள் மஞ்சளாய், சுத்தமாய் மேலே இருந்தன. அடியில் குழந்தை வாய் பிளந்து தூங்கியது. நடந்ததைச் சொன்னான். கேட்டுவிட்டு வினோதா குழந்தையைத் தூக்கிப் போர்வைக்குள் சுற்றினாள்.

“கழட்டி லெட்சுமி அத்தை வூட்டுல கட்டிருங்கப்பா.”

“புள்ளைக்குக் குளிருமே ஆத்தா?”

“குளிரத்தான் செய்யும். நாளைக்குத் தண்ணி புடிக்க அவங்களோட நாந்தானேப்பா போய் நிக்கணும்?”