கருவாட்டுக்காரியின் கம்பெனி

மீன் ஏலக்கூடத்தில்தான் அந்தக் கருவாட்டு வியாபாரியைப் பார்த்தேன். உப்புக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் செல்போனைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி பதிஞ்சாச்சு அண்ணாச்சி. இப்பதான் மெயில் வந்திருக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்தில் என் உப்புக் கம்பெனிக்குப் பெயர் ஒப்புதல் வாங்கவே எத்தனை தடவை சென்னைக்கு ரயிலேறியிருப்பேன்.

"நீ ஆபீசுக்கு அலையவே இல்லையா?"

"எதுக்கு? எல்லாம் இங்கன இருந்தே ஆன்லைன்ல முடிஞ்சிட்டு."

"சர்டிபிகேட்டை எங்க மாட்டப்போறே?"

"அதை ஏன் மாட்டணும்? போன்லயே கெடக்கட்டும்."

அதைத் திறந்துகூடப் பார்க்காமல், அடுத்த கூடை நெத்திலிக்கு விலை கேட்கப் போய்விட்டாள்.

என் சர்டிபிகேட் ஆபீஸ் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுவேன். அன்றும் வெள்ளிக்கிழமைதான். வாங்கிப்போன மாலையைப் பக்கத்திலிருந்த பிள்ளையார் படத்துக்கே போட்டுவிட்டேன்.